உணர்வுத் திறன் வளர்க்கும் வகுப்பறைச் செயல்பாடுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவியம், நாடகம், கதைசொல்லல், குழு விளையாட்டு ஆகியவற்றின் வழியே குழந்தைகளின் சமூக, உணர்வுத் திறன்களை வளர்க்க முயலும்போது நேரும் பிழைகள் பலவும், குழந்தை என்ன உணர்கிறது என்பதை விட்டுவிட்டு அது எதைச் செய்து முடித்தது என்று மட்டும் பார்ப்பதிலிருந்தே தொடங்குகின்றன.

‘என் கோபம்’ என்ற தலைப்பில் வரையச் சொல்லிவிட்டு, தாள் கிழியும்வரை கிறுக்கிய குழந்தையிடம் ‘கொஞ்சம் அழகாக வரையக் கூடாதா?’ என்று கேட்கிறோம். அந்தக் கிறுக்கல்தான் நேர்மையான விடை. நல்ல படத்துக்குப் பரிசு என்று அறிவிப்பது இன்னும் தவறு. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், இயல்பாகவே வரைய விரும்பிய மழலையர் சிலருக்குச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். பின்னர், பரிசு இல்லாதபோது, அவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றக் குழந்தைகளின் நேரத்தில் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை.

நாடகத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. வகுப்பில் உண்மையாகவே கேலிக்கு ஆளாகும் குழந்தைக்கு அதே வேடத்தைத் தருவது அதை இரண்டாம் முறை காயப்படுத்துவதாகும். யாரையும் நினைவூட்டாத கற்பனைப் பெயர்களைத் தேர்ந்து, பாத்திரங்களை மாற்றி மாற்றி நடிக்கச் செய்து, முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயரைச் சொல்லி வேடத்தை விட்டு வெளியே வரும்படி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நாடகத்தில் சூட்டிய பட்டப்பெயர் விளையாட்டுத் திடல்வரை துரத்தும்.

வட்டமாக அமர்ந்து பேசும்போது ‘இன்று நான் பேசவில்லை’ என்று சொல்லும் உரிமை எல்லாருக்கும் வேண்டும். தனக்கு நேரும் துன்பத்தை ஒரு குழந்தை சொல்ல வந்தால், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்களிக்கக் கூடாது. அதை யாரிடம் கொண்டு செல்வது என்பதை ஆசிரியர் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

நால்வரை ஒரே மேசையில் அமர்த்துவதால் மட்டும் ஒத்துழைப்பு வந்துவிடாது. பெரும்பாலும் ஒருவர் செய்வார், மற்றவர்கள் பார்ப்பார்கள். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உளவியலாளர் எலியட் அரான்சன் அறிமுகப்படுத்திய ‘ஜிக்சா’ முறையில், பாடத்தின் ஒரு பகுதி ஒரு குழந்தையிடம் மட்டுமே இருக்கும். அக்குழந்தை சொல்வதைக் கேட்காமல் மற்றவர்கள் முழுப் பாடத்தையும் அறிய முடியாது.

இத்தகைய செயல்பாடுகளை ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் கொண்டாடி முடிப்பதாலும் பயனில்லை. சமூக, உணர்வுத் திறன்களைக் கற்பிக்கும் 213 பள்ளித் திட்டங்களை ஒன்றாக ஆராய்ந்து ஜோசப் டர்லக் குழுவினர் 2011இல் வெளியிட்ட கட்டுரை, படிப்படியாக, குழந்தைகளை ஈடுபடுத்தி, போதிய நேரம் ஒதுக்கி, எந்தத் திறன் என்பதைத் தெளிவாகக் குறித்துக் கற்பித்த திட்டங்களே கூடுதலான பயன்களைத் தந்ததைக் காட்டியது.

ஆகவே பாடவேளை முழுவதையும் செயல்பாட்டுக்கே கொடுத்துவிடாமல், கடைசிப் 10 நிமிடத்தைப் பேசுவதற்கு ஒதுக்குங்கள். ‘அப்போது உனக்கு எப்படி இருந்தது?’ என்று கேட்டுவிட்டு உடனே அடுத்தவரிடம் தாவ வேண்டாம். ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக 1 விநாடியே காத்திருப்பதைக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ தம் ஆய்வுகளில் கண்டறிந்தார். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, விடையே சொல்லாமல் இருப்பதும் குறைந்தது.