ஆற்றுக்குக் கும்பலாகப் போனால் கரையில் ஒருவர் நனையாமல் இருக்க வேண்டும்

திருச்சியில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் போட்டால் இரண்டாம் நாளே பையன்கள் வந்து நிற்பார்கள்: "சார், ஆத்துக்குப் போலாமா?" போகலாம் என்றுதான் சொல்வேன். காவிரிக் கரைப் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே போகாதே என்று தடுத்தால் நமக்குத் தெரியாமல் போவார்கள். அதைவிட முறையாகக் கூட்டிக்கொண்டு போய், எல்லாரையும் திருப்பிக் கூட்டி வருவது மேல். உறவுக்காரர்களோடு ஆடிப்பெருக்குக்குப் போகிறவர்களுக்கும், நண்பர்களோடு கொள்ளிடத்துக்குப் போகிறவர்களுக்கும் இதே முறைதான்.

"இருபது பேர் இருக்கிறோமே, என்ன ஆகிவிடும்?" என்ற தைரியத்தை முதலில் விட்டுவிடுங்கள். இருபது பேரும் தண்ணீருக்குள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அவன் பார்த்துக்கொள்வான் என்று இவன் இருப்பான், இவன் பார்த்துக்கொள்வான் என்று அவன் இருப்பான். கரையேறித் துணி மாற்றும்போதுதான் ஒரு ஆள் குறைவது தெரியும். அதனால் குளிக்கப் போவதற்கு முன்பே, குளிக்காமல் கரையில் நிற்கப்போவது யார் என்று முடிவு செய்யுங்கள். மற்ற ஏற்பாடெல்லாம் அதற்கு அப்புறம்.

இடத்தை முந்தின நாளே போய்ப் பாருங்கள். போன வருஷம் குளித்த இடம்தானே என்று நினைக்க வேண்டாம். மணல் அள்ளிய குழிகள் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டே இருப்பீர்கள், அடுத்த எட்டில் கால் எட்டாது. கரையில் துணி துவைப்பவர்களிடமும் மீன் பிடிப்பவர்களிடமும் கேளுங்கள். "இங்க ஆழமா?" என்று கேட்டால் "இல்லப்பா" என்று சொல்லிவிடுவார்கள். "இங்க யாராவது செத்திருக்காங்களா? எந்த எடத்துல?" என்று கேளுங்கள். கை நீட்டிச் சரியாகக் காட்டுவார்கள்.

தண்ணீர் அளவும் ஒரே மாதிரி இருக்காது. ஜூன் 12 மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள். அதற்கு அப்புறம் இங்கே ஒரு சொட்டு மழை பெய்யாவிட்டாலும் முக்கொம்பில் தண்ணீர் ஏறும். அணை நிரம்பி உபரி நீரைத் திறந்தால் கொள்ளிடத்திலும் வெள்ளம் வரும். கரையோர மக்களுக்கு எச்சரிக்கை என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்திருந்தால் அன்றைக்குக் குளியல் கிடையாது. பிள்ளைகள் முகம் சுருங்கினாலும் சரி.

குளிக்கும் இடத்தை மூங்கில் கம்பால் குத்திப் பார்த்து, எல்லை வைத்துக் கயிறு கட்டுங்கள். கூட்டத்தில் யார் குட்டையோ அவருடைய இடுப்புதான் எல்லை, உயரமானவருடையது இல்லை.

அப்புறம் ஜோடி. ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு, ஒற்றைப்படையாக வந்தால் ஒரு இடத்தில் மூன்று பேர். ஜோடி கரையேறினால் இவரும் கரையேற வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை விசில் ஊதியதும், இருந்த இடத்திலேயே ஜோடியின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்ட வேண்டும். கரையில் இருப்பவர் எண்ணிப் பட்டியலோடு சரிபார்ப்பார். செருப்புக்கும் நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். மணலில் ஒரு கோடு கிழித்து, ஜோடி ஜோடியாகச் செருப்பை அதன்மேல் வரிசையாக விடச் சொல்வேன். தண்ணீரை விட்டு வந்ததும் முதல் வேலை செருப்பைப் போடுவது. எந்த நேரத்திலும் கோட்டைப் பார்த்தாலே உள்ளே எத்தனை பேர், யார் யார் என்று தெரிந்துவிடும்.

கரையில் நிற்பவருக்குப் பை பார்த்துக்கொள்ளும் வேலையோ, போட்டோ எடுக்கும் வேலையோ கொடுக்காதீர்கள். அவர் போன் அடுத்தவர் பையில் இருக்கட்டும். இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே ஆளை நிறுத்தினால் கண் அலுத்துப்போகும், ஆள் மாற்றுங்கள். பெரிய கூட்டம் என்றால் இரண்டு பேர், இரண்டு பக்கம்.

எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். மூழ்குகிற ஆள் "காப்பாத்துங்க" என்று கத்துவார், கையை ஆட்டுவார் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். பெரும்பாலும் சத்தமே வராது. மூச்சு விடவே வாய் போதாதபோது கத்துவது எங்கே? தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் தண்ணீர் மட்டத்தில் முங்கி முங்கி எழும், முடி கண்ணில் விழுந்தாலும் ஒதுக்க மாட்டார். உடம்பு நட்டுக்குத்தலாக நிற்கும், இரண்டு கையும் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். ஒரு நிமிடம்கூட இப்படித் தாங்காது. பக்கத்தில் இருக்கும் நண்பனுக்கு அவன் விளையாடுகிற மாதிரியே தோன்றும். சந்தேகம் வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வரவில்லை என்றால் ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

குடித்தவருக்கு ஆற்றில் இடமில்லை. பாலத்திலிருந்தும் பாறையிலிருந்தும் தலைகீழாகக் குதிப்பதும் கூடாது. முங்கிக்கொண்டு யார் அதிக நேரம் இருப்பது என்ற போட்டியை நான் கண்டிப்பாகத் தடுத்துவிடுவேன், ஏனென்றால் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இதில் போய்விடுகிறார்கள். முங்குவதற்கு முன் வேகவேகமாக இழுத்து மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். மூச்சு முட்டுகிறது என்று உடம்புக்குச் சொல்வதே அதுதான். அது குறைந்த நிலையில், முட்டுவது தெரிவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்கு அடியில் மயங்கிவிடுவார்கள்.

யாராவது மூழ்கினால் உள்ளே குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் மூன்று பேர், நான்கு பேர் என்று அடுத்தடுத்துப் போவதைப் பேப்பரில் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம். மூழ்குகிறவர் கையில் கிடைத்ததைப் பிடித்து அமுக்குவார், அது அண்ணனாக இருந்தாலும். கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கம்பை நீட்டுங்கள். எட்டவில்லை என்றால் கயிறு. முகாமில் சமைத்துத் தீர்ந்த ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை நான் குப்பையில் போடவே விடுவதில்லை. எறியும்போது காற்றில் அலையாமல் போக அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி, கைப்பிடியில் தாம்புக்கயிற்றைக் கட்டி வைத்துவிடுவேன். மூழ்குகிறவரைத் தாண்டி விழுகிற மாதிரி எறிந்து இழுத்தால் கயிறு அவர் கைக்குக் கிடைக்கும். வருவதற்கு முன்பே எல்லாரையும் ஒரு தடவை எறிந்து பழகச் சொல்லுங்கள்.

கயிறு இல்லாவிட்டால் துணி. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில், கிரிக்கெட் விளையாட வந்து குளிக்க இறங்கிய இளைஞர்களில் நான்கு பேர் மூழ்கினார்கள். அங்கே இருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரை இழுத்துக் காப்பாற்றினார்கள். அந்த மூவருக்கும் அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. கரையில் வேட்டி, சேலை, துப்பட்டா எல்லாம் கிடக்கும். இரண்டை முடிச்சுப் போட்டால் நீளம் வந்துவிடும்.

வெளியே எடுத்ததும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் வேண்டாம். அதில் போகிற நேரம் உயிர் போகிற நேரம். ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். மல்லாக்கப் படுக்க வைத்து மூச்சைப் பாருங்கள். மூச்சில்லை, அல்லது விட்டுவிட்டு ஏங்கி இழுக்கிறது என்றால், தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து தடவை ஊதுங்கள். பிறகு நெஞ்சு நடுவில் இரண்டு கையும் வைத்து 30 அழுத்து, 2 ஊது என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்து, ஐந்து சென்டிமீட்டராவது உள்ளே போக வேண்டும்.

இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல சார்" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறல் வரலாம். வீட்டுக்கு அனுப்பலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.