ஆட்டோமேட்டிக் கார் எப்போது கியர் மாற்றும்? தாளில் வரைந்தே புரிந்துகொள்ளலாம்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் காரின் வேகத்தைப் பார்த்துத்தான் கியர் மாற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். உங்கள் கால் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறது என்பதையும் அது அதே கவனத்தோடு பார்க்கிறது. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கிடைக்கோட்டில் வேகம், செங்குத்துக் கோட்டில் பெடல் அழுத்தம், 0 முதல் 100 சதவீதம் வரை. கீழிருந்து வலப்பக்கம் சாய்ந்தபடி மேலேறும் ஒரு கோடு போடுங்கள். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு ஏறும் கோடு இது. லேசாக மிதித்தால் குறைந்த வேகத்திலேயே இதைத் தாண்டிவிடுவீர்கள். முழுவதும் மிதித்தால் வெகுநேரம் இரண்டிலேயே இருப்பீர்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலும் இதே கணக்குதான்: வேகத்துக்கேற்ற ஓர் எண்ணெய் அழுத்தமும் த்ராட்டிலுக்கேற்ற (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் கதவு, பெடலோடு திறக்கும்) இன்னொரு அழுத்தமும் ஒரு வால்வை எதிரெதிராகத் தள்ளும். வென்ற பக்கம் கியரை முடிவு செய்யும். எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் யோசனைகளில் இது ஒன்று.

படி 2: அந்தக் கோட்டுக்குச் சற்று இடப்பக்கம் இன்னொரு கோடு. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும் கோடு. இரண்டுக்கும் இடைவெளி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கியர் மேலும் கீழுமாக அலைபாயும். இப்போது மூன்றாவது கியரில் சீராகப் போகிறீர்கள், சட்டென்று மிதிக்கிறீர்கள். வேகம் இன்னும் மாறவில்லை, ஆனால் உங்கள் வேகமும் பெடல் அழுத்தமும் தாளில் சேரும் புள்ளி செங்குத்தாக மேலே பாய்ந்து இறங்கும் கோட்டைக் கடக்கிறது. கியர் இறங்குகிறது. பெடலை அடிவரை மிதித்துக் கியரை இறக்கவைக்கும் கிக்-டவுன் என்பது இதன் உச்சக்கட்டம்.

படி 3: வேகமான கார்களுக்கு முக்கியமான இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். முழு மிதியில் கோடு எங்கே முடிய வேண்டும்? பிஎம்டபிள்யூ உட்படப் பலர் பயன்படுத்தும் இசட்எஃப் 8எச்பி கியர்பாக்ஸின் முதல் தலைமுறையில் இரண்டாவது கியர் விகிதம் (இன்ஜினின் சுழற்று விசையைக் கியர் எத்தனை மடங்காக்குகிறது என்பது) 3.143, மூன்றாவது 2.106. 6,500 ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) மாற்றினால் இன்ஜின் சுமார் 4,355-க்கு இறங்கும். 6,500-இல் இன்ஜின் 300 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்று விசை), 4,355-இல் 400-உம் தருவதாக வைத்துக்கொள்வோம். டார்க்கைக் கியர் விகிதத்தால் பெருக்கினால், இரண்டில் கியர்பாக்ஸிலிருந்து வெளியேறுவது 943, மூன்றில் 842. இன்ஜின் தளர்ந்த பிறகும் இரண்டாவது கியரே பலமாக இழுக்கிறது! ஆகவே இன்னும் காத்திருப்பதுதான் சரி. இரண்டு எண்களும் சமமாகும் இடமோ, இன்ஜினின் ஆர்பிஎம் எல்லையோ, எது முன்னால் வருகிறதோ அங்கே மாற்ற வேண்டும்.

படி 4: ஸ்போர்ட் மோடு போட்டால் எல்லாக் கோடுகளும் வலப்பக்கம் நகரும், அவ்வளவுதான். வளைவில் பக்கவாட்டு விசையை சென்சார் உணர்ந்தால், பல கார்கள் கியர் ஏற்றாமல் பிடித்துவைக்கும். நடுவளைவில் கியர் மாறி டயரின் பிடி குலையக்கூடாதே. பலமாக பிரேக் பிடித்தால் முன்கூட்டியே இறக்கி, இன்ஜின் சுழற்சியையும் உயர்த்திப் பொருத்தும். 2003-இல் கோல்ஃப் ஆர்32 காரில் வந்தது போன்ற இரட்டைக் கிளட்ச் பெட்டிகளில் (ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று) அடுத்த கியர் எது என்று ஊகித்து முன்பே தயாராக வைக்கப்பட்டிருக்கும். அந்த ஊகம் தவறினால் ஒரு கணம் தாமதம் தெரியும்.

படி 5: யாராவது ஓட்டும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஆர்பிஎம் மீட்டரைக் கவனியுங்கள். கியர் மாறிய ஒவ்வொரு முறையும் வேகத்தையும், மிதி லேசா பாதியா முழுதா என்பதையும் குறித்துவாருங்கள். இருபது புள்ளிகள் சேர்ந்தால், அந்தக் காரின் கோடு உங்கள் தாளில் தானாகத் தெரியத் தொடங்கும்.