இத்தாலிய வீட்டு கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போகும்முன்

நியூ ஜெர்சிக்கோ ஃபிலடெல்ஃபியாவுக்கோ வேலைக்கு வந்திருக்கிறீர்களா? டிசம்பர் பிறந்ததும் இத்தாலிய வம்சாவளி நண்பர் யாராவது, "24-ஆம் தேதி ராத்திரி எங்கள் வீட்டில்தான் சாப்பாடு" என்று கூப்பிடலாம். தாராளமாகப் போங்கள். சைவம் என்றால் மட்டும் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

நான் சொல்லவில்லை. நண்பர் "அன்றைக்கு மீட் கிடையாது" என்றதும், ஆஹா, சைவ விருந்து என்று கிளம்பிப் போய்விட்டேன். மேசை நிறைய மீன்! கத்தோலிக்க வழக்கப்படி கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இறைச்சிதான் விலக்கு. மீன் அந்தக் கணக்கில் சேராது. 'ஏழு மீன் விருந்து' என்றே அதற்குப் பெயர். ஏன் ஏழு என்று கேட்காதீர்கள், ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

சரி, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் போட்ட ஸ்பகெட்டியாவது சாப்பிடலாம் என்று கை நீட்டினேன். வீட்டுப் பாட்டி தட்டை இழுத்துக்கொண்டு "ஆன்ச்சோவி" என்றார். நெத்திலி மாதிரி சின்ன மீன். எண்ணெயில் கரைந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. அப்புறம் அவரே எழுந்துபோய், குடைமிளகாயை வதக்கி முட்டை ஊற்றிக் கிளறி, ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், இறைச்சி விலக்கான வெள்ளிக்கிழமைகளுக்கு அவர்கள் வீடுகளில் செய்வதாம். அந்த ராத்திரி எனக்கு அதுதான் விருந்து.

மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. கணவாய் வறுவல், மட்டி போட்ட லிங்குவினி பாஸ்தா, பக்கலா எல்லாம் வரும். பக்கலா என்பது உப்பிட்டு உலர்த்திய காட் மீன், நம் கருவாட்டுக்குச் சொந்தம். இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கிச் சமைப்பார்கள். மீன் பாஸ்தாவின் மேல் மட்டும் சீஸ் கேட்காதீர்கள். பழைய ஆட்களுக்குப் பொறுக்காது.

நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்குக் கூப்பிட்டால் வேறு கதை. முதலில் லசானியா என்கிற அடுக்கு பாஸ்தா வரும். அதுதான் சாப்பாடு என்று வயிறு முட்டத் தின்றுவிடாதீர்கள், பின்னாலேயே முழு வான்கோழி வரும். 'கிரேவி' என்று சொன்னால், பல வீடுகளில் அது இறைச்சி போட்டு மணிக்கணக்கில் கொதித்த தக்காளி சாஸ்.

பாட்டியைக் குடும்பத்தார் 'நோன்னா' என்பார்கள். அவராகச் சொல்லும்வரை நீங்கள் 'மிஸஸ்' போட்டுக் குடும்பப் பெயரால் கூப்பிடுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், இத்தாலிய பேக்கரியில் ஒரு பெட்டி குக்கீஸ் போதும். நான் முறுக்கும் கொண்டுபோனேன். தாத்தா வைனோடு கடித்தே டப்பாவைக் காலி செய்துவிட்டார்.

"கிளம்புகிறேன்" என்று சொன்ன பிறகும் முக்கால் மணி நேரம் ஆகும். காபி வரும், பொரித்துத் தேனில் புரட்டிய ஸ்ட்ருஃபோலி மாவு உருண்டைகள் வரும், ஃபாயிலில் பொட்டலம் கட்டுவார்கள். பார்க்கிங் மீட்டருக்கு அதையும் சேர்த்தே காசு போட்டுவிடுங்கள்.