மாற்றிக் கட்டிய பழைய ஆர்கேட் பெட்டி: மீட்கலாமா, விடலாமா?

கேம் சென்டரில் காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டிதான் ஆர்கேட் பெட்டி. வேறு விளையாட்டுக்கு மாற்றிய பழைய பெட்டி கையில் வந்தால், முதலில் அடிப்பகுதியைப் பாருங்கள். துகள் பலகை சென்னை ஈரக்காற்றிலும் மழைவெள்ளத்திலும் ஊறி உப்பிவிடும். கீழ் மூலையில் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்துங்கள். மாவாக உதிர்ந்தால் அந்தப் பலகையையே புதிதாக வெட்ட வேண்டும். ப்ளைவுட் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்து, முதலில் அதில் இருந்தது எந்த விளையாட்டு? பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். பக்கவாட்டுப் பெயின்டை ஓரிடத்தில் மட்டும் மெல்லத் தேய்த்தால் அடியில் பழைய படம் தெரியலாம். படம் பிழைத்திருந்து, பட்டன், ஜாய்ஸ்டிக் பொருத்திய கன்ட்ரோல் பேனலும் கூடுதல் ஓட்டை விழாமல் இருந்தால் அசல் நிலைக்கே கொண்டுவரலாம். பேனலை வெட்டி, விளையாட்டின் மூல சர்க்யூட் போர்டும் தொலைந்திருந்தால் அசலைத் துரத்த வேண்டாம். பல விளையாட்டு போர்டுகளுக்கும் பொதுவான 56 முனை ஜாமா (JAMMA) வயரிங்கோடு நன்றாக ஓடும் பெட்டியாக்குங்கள்.

இறக்குமதிப் பெட்டி 110 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். நம் 230-இல் செருகினால் புகைதான். 5 வோல்ட்டைப் பவர் சப்ளையில் அல்ல, போர்டு முனையில், ஓடும்போது அளக்கவும். 4.75-க்குக் கீழே இறங்கினால் விளையாட்டு நடுவில் ரீசெட் ஆகலாம். பவர் சப்ளை, கெப்பாசிட்டர், மைக்ரோஸ்விட்ச் எல்லாம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் தேடலாம். பிக்சர் ட்யூப் தேய்ந்திருந்தால்தான் செலவு ஏறும். அணைத்த பிறகும் அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கும். பழைய டிவி மெக்கானிக் தவிர யாரும் தொடக் கூடாது.