எக்செல் மேக்ரோ: கூட்டுத்தொகை தப்பாமல் பதிவு செய்வது எப்படி?

தினமும் ஒரே வடிவில் வரும் ஒரு பட்டியலை எக்செலில் ஒட்டி, தலைப்பு வரிசையைத் தடிமனாக்கி, அடியில் கூட்டுத்தொகை போடும் வேலை என்னிடம் இருந்தது. அதை மேக்ரோவிடம், அதாவது நாம் செய்யும் வேலையைப் பதிவு செய்துகொண்டு மறுபடி தானாகச் செய்யும் வசதியிடம், ஒப்படைத்தேன். முதல் நாள் பட்டியலில் 24 பெயர்கள். அருமையாக ஓடியது. அடுத்த நாள் 40 பெயர்கள். மேக்ரோ நேராக 26ஆவது வரிசைக்குப் போய், அங்கிருந்த பெயரை அழித்துவிட்டு 'டோட்டல்' என்று எழுதிவிட்டது. கன்ட்ரோல் + இசட் அழுத்தியும் எதுவும் திரும்பவில்லை. மேக்ரோ ஷீட்டில் மாற்றம் செய்தால், அன்டூ செய்ய வைத்திருந்த பட்டியலை எக்செல் காலி செய்துவிடும். அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எப்போதும் கோப்பின் நகல் ஒன்றில்தான் பழக வேண்டும்.

நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எக்செலின் பதிவு வசதியே போதும். ஆனால் கணினியில் நிறுவிய எக்செலாக இருக்க வேண்டும். பிரவுசரில் திறக்கும் எக்செலில் இந்த மேக்ரோ ஓடாது. இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸிலும் பதிவு வசதி உண்டு, ஆனால் அது எழுதித் தரும் நிரலைப் படித்துப் புரிந்துகொள்வது கடினம். கற்றுக்கொள்ள எக்செல்தான் நல்லது என்பது என் கருத்து.

படி 1: தயார் செய்தல்

ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் என்று போய், வலப்பக்கப் பட்டியலில் டெவலப்பர் என்பதற்கு டிக் போடுங்கள். மேலே புதிய டேப் வந்துவிடும்.

அடுத்து கோப்பைச் சேமியுங்கள். வழக்கமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் மேக்ரோ தங்காது. சேவ் ஆஸ் போய் 'மேக்ரோ எனேபிள்ட் ஒர்க்புக்', அதாவது எக்ஸ்எல்எஸ்எம், என்று மாற்ற வேண்டும். மறந்துவிட்டால் சேமிக்கும்போது எக்செல் ஓர் எச்சரிக்கை காட்டும். அவசரத்தில் 'எஸ்' (ஆம்) பொத்தானை அழுத்திவிடாதீர்கள். அழுத்தினால் கோப்பு மூடும்வரை மேக்ரோ இருப்பதுபோலவே தெரியும். மறுபடி திறந்தால் இருக்காது.

படி 2: ஒத்திகை

பதிவைத் தொடங்கும் முன் செய்யப்போவதை ஒருமுறை மவுஸை அதிகம் தொடாமல் கீபோர்டில் செய்து பாருங்கள். தேவையில்லாமல் ஒரு செல்லைக் கிளிக் செய்தால் அதுவும் பதிவாகிவிடும்.

படி 3: பதிவு

இந்த இடத்தில்தான் நான் இரண்டு முறை தடுக்கி விழுந்தேன். ஆகவே கொஞ்சம் விரிவாக.

டெவலப்பர் டேபில் ரெக்கார்ட் மேக்ரோ பொத்தானுக்குப் பக்கத்தில் 'யூஸ் ரிலேட்டிவ் ரெஃபரன்சஸ்' என்று ஒன்று இருக்கும். அது அணைந்திருந்தால், நீங்கள் போன செல்லின் முகவரியை எக்செல் அப்படியே எழுதிக்கொள்ளும். எரிந்தால், நின்ற இடத்திலிருந்து எத்தனை செல் தள்ளிப் போனீர்கள் என்பதை எழுதிக்கொள்ளும். பதிவின் நடுவிலும் இதை மாற்றலாம், அதுதான் இதன் அருமை.

பதிவானதை ஆல்ட் + எஃப்11 அழுத்திப் பார்க்கலாம். திரையில் ஆங்கிலத்தில் இருப்பதை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். அணைந்திருக்கும்போது:

ரேஞ்ச்("ஏ26").செலெக்ட்

எரியும்போது:

ஆக்டிவ்செல்.ஆஃப்செட்(1, 0).ரேஞ்ச்("ஏ1").செலெக்ட்

இரண்டாவது வரியில் வரும் 'ஏ1' பலரையும் குழப்பும். ஷீட்டின் முதல் செல்லுக்குத் தாவுகிறதோ என்று தோன்றும். அப்படி இல்லை. ஒரு வரிசை கீழே போய், போன இடத்தையே ஏ1 என்று வைத்து எண்ணு என்பதுதான் அதன் பொருள். பயப்படாமல் விட்டுவிடலாம்.

சரி, இப்போது பதிவு செய்வோம். பட்டியல் உள்ள ஷீட்டில் நின்றுகொண்டு ரெக்கார்ட் மேக்ரோ அழுத்துங்கள். பெயரில் இடைவெளி கூடாது. ஷார்ட்கட்டுக்கு ஷிஃப்டையும் சேர்த்து ஓர் எழுத்தைக் கொடுங்கள்; வெறும் 'சி' கொடுத்தால் அந்தக் கோப்பு திறந்திருக்கும்வரை கன்ட்ரோல் + சி நகலெடுக்காது, உங்கள் மேக்ரோதான் ஓடும். சேமிக்கும் இடம் 'திஸ் ஒர்க்புக்'.

ரிலேட்டிவ் அணைந்திருக்கட்டும். முதல் வரிசையைத் தேர்ந்து தடிமனாக்குங்கள். பிறகு ஃபார்முலா பட்டைக்கு இடப்புறம் உள்ள பெயர்ப் பெட்டியில் ஏ1048576 என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஷீட்டின் கடைசி வரிசை அது. இப்போது ரிலேட்டிவை எரியவிட்டு, கன்ட்ரோல் + மேல் அம்பு. பட்டியலின் கடைசிப் பெயரில் வந்து நிற்கும். ஒரு செல் கீழே இறங்கி 'டோட்டல்' என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இரண்டு முறை டேப் தட்டினால், கூட்ட வேண்டிய தொகைகள் உள்ள சி நெடுவரிசைக்கு வருவீர்கள்.

மேலிருந்தே கன்ட்ரோல் + கீழ் அம்பு போட்டுப் போகலாமே என்று கேட்கலாம். நடுவில் ஒரு செல் காலியாக இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். கீழிருந்து மேலே வந்தால் அந்தச் சிக்கல் இல்லை.

என் இரண்டாவது தடுமாற்றம் ஃபார்முலாவில். சி நெடுவரிசையில் ஆட்டோசம் பொத்தானை அழுத்தினேன். 'டோட்டல்' சரியான வரிசையில் வந்தது. தொகை மட்டும் தப்பு. 40 பேரில் கடைசி 24 பேரின் கணக்கை மட்டும் கூட்டியிருந்தது. மேலே இருந்த 16 பேரை விட்டுவிட்டது. முதல் பிழையாவது கண்ணில் பட்டது. இது யாராவது கையால் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். பதிவில் இருந்தது இது:

சம்(ஆர்[-24]சி:ஆர்[-1]சி)

இதில் ஆர் என்பது வரிசை, சி என்பது நெடுவரிசை (சி என்ற பெயருள்ள நெடுவரிசை அல்ல). 24 செல் மேலிருந்து ஒரு செல் மேல் வரை கூட்டு என்று அர்த்தம். முதல் நாள் பட்டியலின் நீளம் அப்படியே உறைந்துபோய்விட்டது.

ஆகவே ஆட்டோசம் வேண்டாம். ஃபார்முலாவைக் கையால் அடியுங்கள்: =சம்(சி$2:சி25). 25 என்பது பதிவு செய்யும் நாளில் உங்கள் கடைசி வரிசை எதுவோ அது. சி2 என்று அடித்ததும் எஃப்4 விசையை இரண்டு முறை தட்டினால் டாலர் குறி சரியான இடத்தில் வந்துவிடும். இப்போது பதிவாவது ஆர்2சி:ஆர்[-1]சி. தொடக்கம் எப்போதும் இரண்டாவது வரிசை, முடிவு எப்போதும் நேர் மேலே உள்ள செல். என்டர் தட்டி, ஸ்டாப் ரெக்கார்டிங்.

படி 4: சோதனை

பதிவு செய்த அதே பட்டியலில் ஓட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது. ஒன்று அதைவிட நீளமாக, ஒன்று குட்டையாக, ஒன்று நடுவில் காலிச் செல்லோடு என மூன்று பட்டியல்களில் ஓட்டுங்கள். நிரல் ஜன்னலையும் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிரலுக்குள் கர்சரை வைத்து எஃப்8 தட்டினால் ஒவ்வொரு வரியாக ஓடும். எந்த வரி எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். எனக்கு மேக்ரோ புரிந்தது புத்தகத்தால் அல்ல, இந்த எஃப்8ஆல்தான்.

பின்னர் சேர்த்தவை

இதைப் படித்துச் செய்து பார்த்தவர்கள் கேட்டவற்றை வைத்துச் சில திருத்தங்கள்.

'டோட்டல்' என்பதற்குப் பதில் 'மொத்தம்' என்று தமிழில் அடித்துப் பதிவு செய்தவருக்கு, மேக்ரோ ஓடியதும் ஏழு கேள்விக்குறிகள் வந்தன. நிரல் எழுதும் அந்த ஜன்னல் (ஆல்ட் + எஃப்11) யூனிகோடு எழுத்தை, அதாவது கணினியில் தமிழை எழுதப் பயன்படும் குறிமுறையை, தாங்காது. 'மொத்தம்' ஏழு யூனிகோடு குறிகளால் ஆனது. எளிய வழி: இன்னொரு ஷீட்டுக்கு 'டெக்ஸ்ட்' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து, அதன் ஏ1 செல்லில் 'மொத்தம்' என்று எழுதிவிடுங்கள். பதிவின்போது சொல்லை அடிக்காமல், சமக்குறி போட்டு அந்தச் செல்லைக் கிளிக் செய்து, எஃப்4 ஒரு முறை தட்டி, டேப். செல்லில் இருக்கும் தமிழ் கெடாது.

ஷீட்டின் பெயரே தமிழில் இருந்தாலும் இதே தொல்லைதான். பதிவில் பெயர் கேள்விக்குறியாகி, ஓட்டும்போது ஒன்பதாம் எண் பிழை வரும். ஷீட் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, பார்ப்பவர்களுக்கான தமிழ்த் தலைப்பைச் செல்லில் எழுதுங்கள்.

கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் மறுமுனையில் மேக்ரோ ஓட மறுக்கிறது என்றும் ஒருவர் கேட்டார். இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் தானாகவே தடுத்துவருகிறது. அனுப்பியவர் யாரென்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் 'அன்பிளாக்' டிக் போட்டுத் திறக்கலாம்.

இன்னொன்று: ஒரே பட்டியலில் இந்த மேக்ரோவை இரண்டு முறை ஓட்டினால், முதல் கூட்டுத்தொகையையும் ஒரு வரிசையாக நினைத்துக் கூட்டி இரண்டாவது ஒன்றைப் போடும். மறுபடி ஓட்டும் முன் பழைய கூட்டுத்தொகை வரிசையை நீக்கிவிடுங்கள்.