ஜப்பானிய ‘இரு’ நம் ‘இரு’ அல்ல: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் மாலை வேளைகளில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். முதல் மாதத்திலேயே பிள்ளைகள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. ‘இருக்கிறது’ என்பதற்கு அங்கே இரண்டு வினைகள். உயிருள்ளதற்கு ‘இரு’, உயிரில்லாததற்கு ‘அரு’. அந்த ‘இரு’ காதில் தமிழாகவே விழுவதால் முகப்புத் தூணுக்கும் தேக்குக் கதவுக்கும் ஊஞ்சலுக்கும் ‘இரு’ போட்டு எழுதி வருகிறார்கள். மூன்றுக்கும் ‘அரு’தான்.

அடுத்த தவறு, இலக்கணம் நன்றாகப் படித்தவர்கள் செய்வது. உயர்திணைக்கு ‘இரு’, அஃறிணைக்கு ‘அரு’ என்று பிரித்துவிடுகிறார்கள். தொல்காப்பியம் மக்களைத்தான் உயர்திணை என்கிறது. மாடும் மரமும் கல்லும் அஃறிணை. ஜப்பானியர் கோடு கிழிப்பது வேறு இடத்தில். மாடு, கோழி, எறும்பு எல்லாம் மனிதரோடு சேர்ந்து ‘இரு’. மரத்துக்கு உயிர் உண்டு, ஆனாலும் ‘அரு’. தானாக அசைந்து திரிவதா என்பதே பெரும்பாலும் கேள்வி. புரவி எடுப்புக்குக் கொண்டுபோய் அய்யனார் கோயிலில் நிறுத்திய மண்குதிரைக்கு ‘அரு’, அதன் நிழலில் படுத்திருக்கும் ஆட்டுக்கு ‘இரு’. கண்மாயில் நீந்துகிற விராலுக்கு ‘இரு’. அதுவே சந்தையில் ஐஸ் மேல் கிடந்தால் ‘அரு’. ஓட்டுநரோடு காத்து நிற்கும் டாக்சிக்கு ‘இரு’ சொல்வதும் உண்டு.

இந்தக் கோடு தமிழிலேயே இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. பசுவிடமிருந்து பால், மரத்திலிருந்து புளி என்கிறோம். ‘மரத்திடமிருந்து’ என்று யாரும் பேசுவதில்லை. தடுமாறினால் இதைச் சொல்லிப் பாருங்கள்: ‘இடம்’ வந்தால் ‘இரு’, ‘இல்’ வந்தால் ‘அரு’. என் வகுப்பில் எந்த அட்டவணையையும்விட இது உதவியிருக்கிறது.

‘இல்லை’யிலும் கவனம் வேண்டும். அப்பா இல்லை, சாவி இல்லை என நமக்கு ஒரே சொல். அவர்களுக்கு அப்பாவுக்கு ‘இனை’, சாவிக்கு ‘நை’.

எண்ணும்போதும் உயிர் வகை பார்க்க வேண்டும், எண்ணோடு சேரும் சொல் அதற்கேற்ப மாறும். பூனைக்கு ‘ஹிக்கி’, மாட்டுக்கு ‘தோ’, பறவைக்கு ‘வ’. வேட்டங்குடிப் பறவைகளைப் பற்றி எழுதச் சொன்னால் பாதிப் பேர் ‘ஹிக்கி’ போடுகிறார்கள். முயலையும் ‘வ’ என்று எண்ணும் பழக்கம் இருப்பதை மறக்க வேண்டாம்.

ஆங்கிலத்தில் சிக்கல் குறைவு. வந்த பையன், வந்த பஸ் என்று நாம் ஒன்றுபோலச் சொல்வதால் ‘ஹூ’வும் ‘விச்’சும் மாறிப்போகும், ஆளுக்கு ‘ஹூ’ என்று பழகினால் போதும். குழந்தையிடம்தான் கூடுதல் கவனம். ‘குழந்தை அழுகிறது’ என்பது நமக்கு இயல்பு. அதை அப்படியே ‘இட்’ ஆக்கித் தாயின் முன்னால் சொன்னால் அவர் மனம் நோகும். ஆணா பெண்ணா என்று கேட்டுக்கொண்டு ‘ஹீ’ அல்லது ‘ஷீ’ சொல்லுங்கள். பெயர் வைத்து வளர்த்து சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் கூட்டிப்போகும் காளைக்கும் ‘ஹீ’ தாராளமாகப் பொருந்தும்.