யாழ். பல்கலையில் மாணவர் தலைமை: ஒன்றியத்துக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ். பல்கலைக்கழக மாணவர் ஒன்றியம் ஓர் அறிக்கை விட்டால் மறுநாள் பத்திரிகைகளில் அது செய்தி. கடையடைப்புக்குக் கேட்டால் கடைக்காரரும் பஸ்காரரும் காது கொடுப்பார்கள். இந்தச் செல்வாக்கை இன்றைக்குப் பதவிக்கு வரும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் தாங்களாகத் தேடிக்கொள்ளவில்லை. 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்த காலத்துக்கு முன்னோடியாக 1970இல் வந்த தமிழ் மாணவர் பேரவை, 2001 ஜனவரி 17இல் திருநெல்வேலி வளாகத்தில் தமிழர் உரிமைக்காக நடந்த பொங்கு தமிழ் எழுச்சி நிகழ்வு என்று முன்னால் போனவர்கள் விட்டுப்போன முதுசம் அது. முதுசக் காணியை ஈடு வைக்க ஒரு கையெழுத்துப் போதும், மீட்கத்தான் வருடக்கணக்காகும்.

ஒன்றியத்தின் சொல் எங்கெங்கே எடுபடாமல் போகிறது என்று பார்த்தால், கொள்கையில் கோளாறு இருப்பது குறைவு. வேலை செய்கிற முறையில்தான் கோளாறு.

பகிஷ்கரிப்புக்குப் போய்விட்டு வழி தேடுவது

முதல் கூட்டத்திலேயே "நாளையிலிருந்து விரிவுரைப் பகிஷ்கரிப்பு" என்று முடிவெடுப்பது மிகச் சுலபம். கைதட்டும் கிடைக்கும். எது கிடைத்தால் திரும்ப உள்ளே போவோம் என்ற கேள்வியை அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்பவரைப் பயந்தவர் என்பார்கள். இரண்டாம் வாரத்தில் இறுதி வருடக்காரர் பரீட்சை பற்றிக் கவலைப்படத் தொடங்குவார்கள், தூர இடத்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மூன்றாம் வாரத்தில் ஏதோ ஒரு வாய்மொழி உறுதியைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் உள்ளே போவார்கள். நிர்வாகத்துக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவசரப்படாமல் இருக்கிறார்கள்.

இது யாழ்ப்பாணத்துக்குப் புதிய பாடமல்ல. மாணவர் காங்கிரஸில் இருந்து வளர்ந்த வாலிபர் காங்கிரஸ், பிரித்தானியர் கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது. கொள்கை என்று பார்த்தால் இன்றைக்கும் தலை நிமிர்ந்து சொல்லக்கூடியது. தெற்கும் சேர்ந்து வரும் என்று எதிர்பார்த்தார்கள், வரவில்லை. வராவிட்டால் என்ன செய்வது என்ற திட்டம் கையில் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன.

இதற்கு நேர்மாறாக ஒன்றைப் பாருங்கள். 2021 ஜனவரி 8 இரவு வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் வாயிலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 11ஆம் திகதி காலையில் துணைவேந்தரே வந்து அடிக்கல் நாட்டினார், ஏப்ரல் 23இல் புதிய தூபி திறக்கப்பட்டது. ஊர் முழுக்கக் கொதித்ததும், வடகிழக்கில் ஹர்த்தால் நடந்ததும், வெளிநாடுகளிலிருந்து வந்த கண்டனங்களும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோரிக்கை ஒன்றே ஒன்று: இடித்ததைத் திரும்பக் கட்டு. செய்யக்கூடியவர் யார் என்பது தெரியும். செய்தாரா இல்லையா என்பதைக் கண்ணால் பார்க்கலாம். இந்த மூன்றும் இல்லாத போராட்டத்தைத் தொடங்குவதற்கு முன் இன்னும் ஒரு நாள் இருந்து யோசிக்கலாம்.

மகஜரில் எல்லாவற்றையும் போடுவது

பதினெட்டு அம்சக் கோரிக்கை என்று ஒரு மகஜர் வரும். முதலாவது அரசியல் கைதிகள் விடுதலை, ஏழாவது விடுதி வசதி, பதினான்காவது கன்டீன் சாப்பாடு. வாங்குகிறவர் சிரித்த முகத்தோடு வாங்குவார், படம் எடுப்பார்கள், அதோடு சரி. எதற்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு தாளை நாங்களே தட்டச்சுச் செய்து கொடுத்திருக்கிறோம்.

"விடுதி வசதிகளை மேம்படுத்துக" என்ற வரிக்குப் "பரிசீலிக்கப்படும்" என்று பதில் எழுத அரை நிமிடம் போதும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "பெண்கள் விடுதி இரண்டாம் மாடியில் ஆறு குழாய்களில் இரண்டில்தான் தண்ணீர் வருகிறது. காலை ஏழு மணிக்கு மேல் அதுவும் இல்லை. மோட்டர் பழுதென்று விடுதிப் பொறுப்பாளர் இன்ன திகதியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். திருத்த வேலை எந்தத் திகதியில் தொடங்கும்?" இதற்குப் பதிலாக ஒரு திகதிதான் வர முடியும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் நிறையப் பிழை நடக்கிறது. மகாபொலப் புலமைப்பரிசில் கொடுப்பனவு பிந்தினால் துணைவேந்தரின் வாசலில் கத்திப் பயனில்லை, பணம் மகாபொல நிதியத்திலிருந்து வர வேண்டும். எங்கள் பக்கத்தால் பெயர்ப்பட்டியல் நேரத்துக்குப் போனதா என்பது மட்டும்தான் வளாகத்தில் கேட்க வேண்டிய கேள்வி. கேட்டால் சொல்லமாட்டார்களா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி, கிடைத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொண்டால், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு உண்டு. ஊர்வலம் போகிற அளவுக்குச் சுவாரசியம் இல்லாத வேலைதான். ஆனால் ஊர்வலத்தில் பிடிக்கிற பதாகையில் எழுத உண்மையான ஓர் இலக்கம் இதில்தான் கிடைக்கும்.

இன்னொன்று பீடச்சபை. 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி அந்தந்தப் பீட மாணவர்கள் தெரிவுசெய்த இரண்டு மாணவர் பிரதிநிதிகளுக்கு அங்கே இடம் உண்டு. அந்த இரண்டு பெயர்களும் பலருக்கு ஒப்புக்குப் போடும் பெயர்கள். நேர அட்டவணை, பாடத்திட்டம் போன்றவை பேசப்படும் மேசையில் இருக்கும் கதிரையை வெறுமையாக விட்டுவிட்டு, வெளியே மரத்தடியில் நின்று அதே விஷயத்துக்குக் கோஷம் போடுவதில் என்ன கெட்டித்தனம் இருக்கிறதோ தெரியவில்லை.

யாருடைய ஆள் என்ற கேள்விக்கு இடம் கொடுப்பது

2019 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் யாழ்ப்பாண, கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் தமிழ்க் கட்சிகளை ஒரே மேசையில் இருத்தி, 13 கோரிக்கைகள் கொண்ட ஆவணத்தில் ஐந்து கட்சிகளைக் கையெழுத்திட வைத்தார்கள். தென்னிலங்கை வேட்பாளர்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது வேறு கதை. ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துக் கதைக்காத தலைவர்கள் பிள்ளைகள் கூப்பிட்டதும் வந்தார்கள். கூப்பிட்டவர்கள் எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை என்று நம்பியதால்தான் வந்தார்கள்.

ஆகவே ஒரு மாணவர் கட்சியில் இருப்பது குற்றமில்லை, அது அவருடைய உரிமை. ஒன்றியத்தின் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் வாகனத்துக்கும் கட்சிக்காரர் காசு கொடுப்பதுதான் பிரச்சினை. முதலில் "சும்மா ஒரு உதவி தம்பி" என்று வரும். தேர்தல் நெருங்க, மேடையில் ஒரு கதிரை கேட்டு அதே ஆள் திரும்ப வருவார். புலம்பெயர்ந்த அமைப்புகளின் பணத்துக்கும் இதே கதைதான். வாங்குவதானால் தொகையையும் கொடுத்தவரையும் அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டு வாங்குங்கள்.

மாறிக் கதைப்பவரைத் துரோகி ஆக்குவது

எல்லாவற்றிலும் மோசமான பழக்கம் இதுதான் என்பேன். ஒரு நினைவேந்தலை எப்படி நடத்துவது என்று மாற்றுக்கருத்துச் சொன்ன பிள்ளையின் படம் அன்றிரவே வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். இந்த வளாகத்துக்குத் "துரோகி" என்ற சொல்லின் விலை தெரியாமல் இல்லை. 1986இல் விஜிதரன் என்ற மாணவன் கடத்தப்பட்டபோது இங்கே மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அது அரசாங்கத்தை நோக்கியதல்ல, எங்களுடைய ஆயுத இயக்கத்தை நோக்கியது. அவன் திரும்பி வரவில்லை. 1989 செப்டெம்பர் 21இல், இயக்கங்களையும் படைகளையும் வெளிப்படையாக விமர்சித்த மருத்துவபீட உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜனி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் எதிர்ப்பின் வரலாறு என்று மேடையில் பேசும்போது பொங்கு தமிழை மட்டும் சொல்லிவிட்டு இதை விழுங்கினால், கேட்டுக்கொண்டிருக்கும் முதல் வருடக்காரர் வாயை மூடத்தான் படிப்பார்.

பகிடிவதையும் இதே வேலையைத்தான் செய்கிறது. "அப்பதான் பற்ச் ஒற்றுமையாகும், தலைமைத்துவம் வரும்" என்று இன்னும் சொல்கிற அண்ணாமார் இருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை உண்டு, பாரதூரமான காயம் என்றால் பத்து வருடம் வரை போகும். இராணுவக் கெடுபிடிக்கு எதிராக அறிக்கை எழுதும் அதே கை, விடுதியில் தம்பிமாரை முழங்காலில் நிற்க வைத்தால் அந்த அறிக்கையை எவர் நம்புவார்?

கூட்டத்துக்கு வராதவர்களை எண்ணாமல் விடுவது

கலைப்பீடத்தில் பெண்களே பெரும்பான்மை. ஒன்றியக் கூட்டமோ இரவு எட்டு மணிக்கு ஆண்கள் விடுதியில். பருத்தித்துறைக்கோ சாவகச்சேரிக்கோ பஸ் பிடிக்க வேண்டிய பிள்ளை எப்படி வருவாள்? அப்புறம் "பெட்டையள் முன்வருவதில்லை" என்று குறை சொல்வது. கூட்டத்தைப் பகல் பன்னிரண்டரைக்கு வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பொறியியல், விவசாயம், தொழில்நுட்பப் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில். திருநெல்வேலியில் எடுத்த முடிவை அவர்கள் முகநூலில் பார்த்துத்தான் அறிகிறார்கள்.

சிங்கள, முஸ்லிம் மாணவர்களும் இதே ஒன்றியத்தின் அங்கத்தவர்கள். 2016 யூலை 16இல் விஞ்ஞானபீடப் புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டிய நடனம் சேர்ப்பது பற்றிய இழுபறி கைகலப்பாகி, பலர் காயப்பட்டு, வளாகத்தையே மூட வேண்டி வந்தது. நாங்கள் யார் சரி என்று இன்னும் வாதாடலாம். முதல் நாளே இரண்டு பக்கத்திலும் நாலு பேர் இருந்து கதைப்பதற்கு ஓர் ஒழுங்கு இருந்திருந்தால், அந்த வாதத்துக்குக் கல்லும் பொல்லும் தேவைப்பட்டிராது.

எல்லாம் இரண்டு பேரின் தலையில்

2012 நவம்பர் 28 மாணவர் ஊர்வலம் தாக்கப்பட்ட பிறகு கைதாகி வெலிக்கந்தைப் புனர்வாழ்வு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட நால்வரில் ஒன்றியச் செயலாளரும் ஒருவர். 2019 மே மாதத்தில் வளாகத் தேடுதலின்போது தலைவரும் செயலாளரும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டார்கள். இந்த ஊரில் இதைக் கணக்கில் எடுக்காமல் நிர்வாகக் குழு அமைப்பது அசட்டுத்தனம். ஒன்றிய அறையின் திறப்பு யார் யாரிடம் இருக்கிறது, அறைக்குள் என்ன இருக்கிறது, எந்தச் சட்டத்தரணியை அழைப்பது, தலைவர் இல்லாத நாளில் ஊடகத்துக்கு யார் பேசுவது என்பன முதல் வாரத்திலேயே எழுதிவைக்க வேண்டியவை.

பதவிக்காலம் முடிந்து போகிறவர்களும் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் கையளிக்கிறார்கள். அடுத்த குழு, நிர்வாகம் முன்பு என்ன வாக்குக் கொடுத்தது என்றே தெரியாமல் போய் அதே கதவைத் தட்டுகிறது. ஒரு கோப்பு போதும்: கூட்ட அறிக்கைகள், கொடுத்த கடிதங்களின் அத்தாட்சிப் பிரதிகள், வந்த பதில்கள், வரவு செலவு, யாரிடம் எவ்வளவு பாக்கி என்ற விபரம். ஒரு பிரதி பல்கலைக்கழக ஆசிரியர்களில் ஒருவரான பெரும் பொருளாளரிடம், இன்னொன்று புதிய செயலாளரிடம். வங்கிக் கணக்கின் கையொப்பத்தை மாற்றும் கடிதத்தையும் அதே நாளில் கொடுத்துவிடுங்கள். பட்டமளிப்பு முடிந்து கொழும்புக்கோ கனடாவுக்கோ போனவரைப் பிறகு தேடிப் பிடிக்க முடியாது.